புதுப்பிக்கப்பட்ட கணினியில் காணாமற்போகும் பழகிய வழிகள்

கணினியுடன் அன்றாடம் புழங்குகின்ற ஒருவருக்கு அதன் முகப்புத்திரை சொந்த வீட்டு முற்றத்தைப் போன்றது. எந்த மூலையில் எது இருக்கின்றது என்பதைக் கண் தேடுவதற்கு முன்னரே கை அறிந்துவைத்திருக்கும். அச்சுப்பொறிக்கான சின்னம் எங்கே, தமிழுக்கு மாறும் விசை எது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இடம் எது என்பனவற்றை அவர் நினைவில் வைத்திருப்பதில்லை; பழக்கத்தில் வைத்திருக்கின்றார். ஒரு நாள் காலையில் கணினியைத் திறக்கும்போது இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அந்த இடங்களை எல்லாம் மாற்றிவைத்திருந்தால் அவர் திகைத்துப்போவது இயல்பானதே.

இந்தத் திகைப்பு அண்மைக் காலத்தில் குடாநாட்டின் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பலருக்கு நேர்ந்திருக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி வெளியிட்ட 'வின்டோஸ் 10' இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழங்கப்படும் என அப்போது அறிவிக்கப்பட்டது. இதனால் பலரும் 'வின்டோஸ் 11'க்கு மாறினர். மாற விரும்பியும் மாற இயலாதவர்களும் உள்ளனர். எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்ரெல் செயலிகளைக் கொண்ட கணினிகளைப் புதிய தளம் ஏற்பதில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்த நாட்டில், புதிய கணினி வாங்குவது எல்லோருக்கும் இயலுமான காரியம் அன்று.

பழகிய இடங்களை மாற்றுவது இன்று நேற்று தொடங்கிய வழக்கமும் அன்று. 1995 ஓகஸ்ட்டில் வெளிவந்த 'வின்டோஸ் 95' திரையின் இடது கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' பொத்தானை வைத்தது. பதினேழு ஆண்டுகள் உலகமே அதற்குப் பழகியிருந்த நிலையில், 2012 ஒக்டோபரில் வெளிவந்த 'வின்டோஸ் 8' அந்தப் பொத்தானை நீக்கியது. பாவனையாளர்களின் கண்டனம் எழுந்தது; மறு ஆண்டே 'வின்டோஸ் 8.1' மூலம் பொத்தான் திரும்பியது. 2015இல் அதன் பழைய பட்டியலும் திரும்பி வந்தது. 2021 ஒக்டோபரில் வந்த 'வின்டோஸ் 11' அந்தப் பொத்தானைத் திரையின் நடுவுக்கு நகர்த்தியதுடன், வலது சொடுக்கில் தோன்றும் பட்டியலையும் சுருக்கியது. பழைய 'கொன்ட்ரோல் பனல்' பகுதியில் இருந்த அமைப்புகளும் ஒவ்வொன்றாகப் புதிய 'செட்டிங்ஸ்' பகுதிக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. பெருநிறுவனமாயினும் பாவனையாளரின் குரலுக்குச் செவிசாய்த்த சந்தர்ப்பம் உண்டு என்பதை இந்த வரலாற்றிலிருந்து நாம் குறித்துக்கொள்ளலாம்.

தொலைந்தவற்றைத் தேடுவதற்கு முன்னர் 'குறுக்குவழி' என்பது யாது என விளங்கிக்கொள்வது நன்று. முகப்புத்திரையில் சிறிய அம்புக்குறியுடன் காணப்படும் சின்னம் ஒரு முகவரிச் சீட்டு மாத்திரமே. மென்பொருளோ கோப்போ கணினியில் வேறோர் இடத்தில் இருக்கும். சீட்டு அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும். எனவே சின்னம் காணாமற்போனால் பொருளும் போய்விட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. அதேபோல, சின்னம் இருந்தும் சொடுக்கும்போது திறக்காவிட்டால், முகவரியில் இருந்த பொருள் இடம் மாறியிருக்கின்றது என்றோ நீக்கப்பட்டிருக்கின்றது என்றோ கொள்ளலாம். முந்தியதற்குப் புதிய சீட்டு எழுதினால் போதும். பிந்தியதற்கு மென்பொருளை மீண்டும் நிறுவவேண்டும்.

முகப்புத்திரை முழுவதுமே வெறுமையாகத் தோன்றினால் அவசரப்படாமல் இரண்டு விடயங்களைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, புதுப்பித்தலின் பின்னர் சில வேளைகளில் கணினி பாவனையாளரைத் தற்காலிகக் கணக்கு ஒன்றினுள் அனுமதித்துவிடும். அவ்வேளை திரையில் அதுபற்றிய அறிவித்தல் தோன்றும். அந்தக் கணக்கில் எந்தக் கோப்பையும் சேமிக்கலாகாது. வெளியேறியதும் அது அழிந்துவிடும். கணினியை ஓரிரு தடவை மீளத் தொடக்கினால் பெரும்பாலும் பழைய கணக்கு திரும்பிவிடும். இரண்டாவது, 'வன்ட்றைவ்' எனப்படும் இணையச் சேமிப்பு முகப்புத்திரைக் கோப்புறையைத் தன்வசம் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறாயின் 'வன்ட்றைவ்' கோப்புறையினுள் உள்ள 'டெஸ்க்டொப்' என்ற கோப்புறையில் எல்லாம் பத்திரமாக இருக்கும். இதை அறியாமல் பல ஆண்டுக் கோப்புகள் அழிந்துவிட்டன எனக் கருதி, கணினியை முற்றாகத் துடைத்துப் புதிதாக அமைக்கக் கொடுத்தால் மெய்யாகவே இழப்பு நேரும்.

பழகிய சின்னங்களை மீட்பது கடினமன்று. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பேர்சனலைசேஷன்', அதனுள் 'தீம்ஸ்', அதனுள் 'டெஸ்க்டொப் ஐகன் செட்டிங்ஸ்' என்று செல்லவேண்டும். அங்கே கணினி, குப்பைத்தொட்டி, கொன்ட்ரோல் பனல் ஆகியவற்றுக்கான கட்டங்களில் சரிக்குறி இட்டால் அவை முகப்புத்திரைக்குத் திரும்பும். பழைய கொன்ட்ரோல் பனலை நேரடியாகத் திறக்க விரும்புவோர் வின்டோஸ் விசையை அழுத்தியவாறு 'ஆர்' எழுத்தை அழுத்தி, தோன்றும் சிறு பெட்டியில் 'கொன்ட்ரோல்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தால் போதும். அங்குள்ள அமைப்புகளைச் சின்னங்களாகக் காட்டச் செய்து, அடிக்கடி தேவைப்படும் ஒன்றின் மீது வலது சொடுக்கிட்டுக் குறுக்குவழி உருவாக்கும் தெரிவைத் தேர்ந்தால், அது முகப்புத்திரையில் வந்து அமரும். அச்சுப்பொறி, ஒலி, மின்சேமிப்பு, சுட்டி என நான்கைந்தை இவ்வாறு வைத்துக்கொண்டால் அன்றாட அலுவல்கள் தடைப்படமாட்டா. இவற்றுட் சில பழைய சாளரத்துக்குப் பதிலாகப் புதிய 'செட்டிங்ஸ்' பக்கத்தையே திறக்கக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நடுவுக்குச் சென்ற 'ஸ்டார்ட்' பொத்தானை இடது மூலைக்குக் கொண்டுவர, 'பேர்சனலைசேஷன்' பகுதியில் 'டாஸ்க்பார்' என்பதனுள் நடத்தை தொடர்பான பிரிவில் இடது பக்கத்தைத் தெரிவு செய்யலாம். வலது சொடுக்கின் பழைய நீண்ட பட்டியல் வேண்டுமாயின் 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டு வலது சொடுக்கிடவேண்டும். எழுத்துகள் சிறிதாகிவிட்டன எனக் குறைப்படும் மூத்தோர், வின்டோஸ் விசையுடன் 'யூ' எழுத்தை அழுத்தினால் பார்வை, செவிப்புலன் சார்ந்த வசதிகள் அனைத்தும் ஓரிடத்தில் திறக்கும். எழுத்தின் பருமனை அங்கே கூட்டிக்கொள்ளலாம். ஓய்வூதியம், வங்கி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடனான தொடர்பு என அனைத்துக்கும் கணினியை நம்பியுள்ள முதியவர்களுக்கு இந்த ஓர் அமைப்பு மற்றைய அனைத்தையும் விடப் பயன்மிக்கது.

இதுவரை கூறியவை எந்த மொழியினருக்கும் பொதுவானவை. நம்மவர்க்கு இதனிலும் ஆழமான ஒரு சிக்கல் உண்டு. அது தமிழ் விசைப்பலகை பற்றியது.

தமிழ்த் தட்டச்சின் வரலாறு யாழ்ப்பாணத்துடன் பின்னிப் பிணைந்தது. 1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கான விசைப்பலகையை அமைத்த முன்னோடி எனப் போற்றப்படுகின்றார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதற்கு, சில குறிகளை வண்டி நகராமலே அடிக்கும் 'நகரா விசை' என்ற வழியை அவர் கண்டார். அந்தத் தட்டச்சு மரபில் பழகிய விரல்களே பின்னாளில் கணினிக்கு வந்தன. 1990களின் பெரும்பகுதியில் தேசிய மின்வழங்கலின்றி இருந்த குடாநாட்டில், 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரே கணினிகள் பரவலாகின. அப்போது இங்கு வேரூன்றிய 'பாமினி' எழுத்துரு தட்டச்சுப்பொறியின் வரிசையைத் தழுவியிருந்தமையால் எழுதுவினைஞர்களும் அச்சகத்தாரும் அதனை இலகுவாக ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் பாமினியின் அமைப்பில் ஒரு குறை உண்டு. அது ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. புதுப்பித்தலின்போது எழுத்துருக்கள் வழமையாகப் பாதுகாக்கப்படும். ஆனால் இயங்குதளத்தைத் துடைத்துப் புதிதாக நிறுவினாலோ, புதிய கணினி வாங்கினாலோ அந்த எழுத்துரு அங்கே இராது. பிறப்பு, காணி, பாடசாலை தொடர்பாகப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்த தமிழ் ஆவணங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் தமிழ் திரும்பிவிடும் என்பதை அறியாதவர் அவற்றைக் கெட்டுப்போன கோப்புகள் எனக் கருதி அழித்துவிடக்கூடும். ஆவணங்களை இழந்த வேதனையை நன்கறிந்த ஒரு சமூகத்தில் இவ்வாறான வீண் இழப்பு நிகழலாகாது.

இதற்கான நிலையான தீர்வு ஒருங்குறிக்கு மாறுவதேயாகும். ஒருங்குறியில் எழுதப்பட்டது எந்தக் கணினியிலும் கைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். விரல் பழக்கத்தைக் கைவிடவேண்டும் என்ற அச்சமும் தேவையற்றது. பாமினி விசை வரிசையிலேயே தட்டச்சுச் செய்து ஒருங்குறியைப் பெறுவதற்கு என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவசக் கருவிகளும் இணையத்தில் உண்டு. தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் 2019ஆம் ஆண்டின் புதுப்பித்தலிலிருந்து வின்டோசுடன் சேர்ந்தே வருகின்றன. 'செட்டிங்ஸ்' பகுதியில் நேரம், மொழி ஆகியவற்றுக்கான பிரிவில் தமிழைச் சேர்த்து, அதனுள் விருப்பமான விசைப்பலகையைத் தெரிவு செய்யவேண்டும். அதன் பின்னர் வின்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். தமிழுடன் அரபையும் ஆங்கிலத்தையும் சேர்த்து வினாத்தாளோ பாடக்குறிப்போ தயாரிக்கும் மௌலவிமாரும் ஆசிரியர்களும் அதே இடத்தில் அரபு விசைப்பலகையையும் சேர்த்து, பயன்படுத்தாதவற்றை நீக்கிவிட்டால் மூன்று மொழிகளுக்கிடையே தடுமாற்றமின்றி மாறலாம்.

ஒரு விசைப்பலகை அமைப்பு இத்தனை பெரிதுபடுத்தத்தக்கதா எனச் சிலர் வினவக்கூடும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அந்த உரிமை சாதாரண குடிமகனை வந்தடையும் இடம் அலுவலகக் கருமபீடமாகும். அங்குள்ள கணினியில் தமிழ் விசைப்பலகை காணாமற்போயிருந்தால், அவருக்குக் கிடைக்கவேண்டிய தமிழ்க் கடிதம் ஆங்கிலத்தில் கிடைக்கும். அல்லது 'நாளை வாருங்கள்' என்ற பதில் கிடைக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பிக் காணிக்கும் வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும், வலிகாமம் வடக்கில் தனது நிலத்துக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு நாள் தாமதம் சிறிய விடயமாக இருக்கமுடியாது.

புதுப்பித்தலையே தவிர்த்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினி பூட்டில்லாத வீட்டுக்கு ஒப்பானது. முன்னாயத்தமே இதற்கு வழி. புதுப்பிக்க முன்னர் முகப்புத்திரையையும் மொழி அமைப்புகளையும் கைபேசியால் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம். எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் முக்கிய கோப்புகளுடன் சேர்த்து வெளிச் சேமிப்பகம் ஒன்றில் பிரதி எடுத்தல் வேண்டும். புதுப்பித்த பின்னர் திரையில் தோன்றும் கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என அழுத்திச் செல்லலாகாது. இணைய உலாவியை மாற்றவும் கோப்புகளை இணையச் சேமிப்புக்கு அனுப்பவும் அவற்றினூடாகவே சம்மதம் கோரப்படும். பெரும் புதுப்பித்தல் ஒன்று ஒத்துவராவிட்டால் வழமையாகப் பத்து நாள்களுக்குள் முந்திய நிலைக்குத் திரும்பும் வசதியும் 'செட்டிங்ஸ்' பகுதியில் உண்டு.

அலுவலகங்களும் பாடசாலைகளும் இதனைத் தனி ஒருவரின் தலையில் சுமத்திவிடாமல், தமக்குரிய அமைப்புகளைப் பட்டியலிட்டு ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டிவைப்பது பயன்தரும். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் தமது ஊரிலுள்ள நூலகத்திலோ சனசமூக நிலையத்திலோ பள்ளிவாசலிலோ ஒரு வார இறுதியைச் செலவிட்டால், முதியவர்கள் பலரின் கணினிகளைச் சீர்செய்து கொடுக்கமுடியும். அவ்வேளை அவர்களுக்குப் புதிய முறையைத் திணிக்காமல், அவர்கள் எதற்குப் பழகியிருந்தனர் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். கணினியை அமைத்துக் கொடுப்பவர் வீட்டுக்குத் திரும்பிய பின்னர், அதனைத் தனியே இயக்கவேண்டியவர் அந்த முதியவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.