தீர்த்த கணக்கைப் படிப்பது எப்படி?

இயற்பியல் பாடநூலில் ஒவ்வொரு பாடத்திலும் தீர்த்துக் காட்டிய கணக்குகள் சில இருக்கும். தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் பலர் அவற்றைக் கதை படிப்பதுபோல் ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் புரிகிறது. ஆகவே கணக்குத் தெரிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். தேர்வில் கேள்வி சற்று மாறி வந்தால் முதல் வரியை எழுதவே தயங்குகிறார்கள். காரணம் என்ன? பிறர் எழுதிய படியைப் புரிந்துகொள்வது வேறு. அடுத்த படி எது என்று தாமே முடிவு செய்வது வேறு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 25 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து விநாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எப்போது தரையை அடையும்? (ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி²; காற்றின் தடை இல்லை எனக் கொள்க.)

மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகவும், நேரத்தை ‘நே’ எனவும் கொண்டால்,

−25 = 20நே − 5நே²

நே² − 4நே − 5 = 0

நே = 5 அல்லது −1. எனவே விடை 5 விநாடி.

இதை அப்படியே ஏற்காமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, −25 எப்படி வந்தது? பந்து 20 மீட்டர் மேலேறி, 45 மீட்டர் கீழிறங்குகிறது. கடந்த தொலைவு 65 மீட்டர். ஆனால் இடப்பெயர்ச்சி தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பொறுத்தது. சரிபார்க்க வேறு வழியும் உண்டு. ஏற 2 விநாடி, இறங்க 3 விநாடி, மொத்தம் 5.

இரண்டாவது, −1 ஏன் வந்தது? ஒரு பந்து தரையிலிருந்து விநாடிக்கு 30 மீட்டர் திசைவேகத்தில் 1 விநாடி முன்னதாகக் கிளம்பியிருந்தால், உச்சியைக் கடக்கும்போது அதன் திசைவேகம் சரியாக 20 ஆக இருந்திருக்கும். சமன்பாட்டுக்கு இந்த இயக்கமும் அந்த இயக்கமும் ஒன்றே. எறிவதற்கு முன் பந்து கையில் இருந்தது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால்தான் −1 ஐ விலக்குகிறோம்.

அமெரிக்காவில் மிச்செலின் சீ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விசையியல் கணக்குகளின் தீர்வுகளைப் படிக்கும்போது மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு மாணவர்களைக் கேட்டனர். பின்னர்க் கணக்குகளை நன்கு தீர்த்தவர்கள், ஒவ்வொரு படியும் ஏன் வந்தது என்று தமக்குத்தாமே கூடுதலாக விளக்கிக்கொண்டு படித்தவர்கள். எது புரியவில்லை என்பதையும் அவர்களே நன்றாக உணர்ந்தனர்.

ஆகவே, தீர்வை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியை நீங்களே எழுதியபின் தாளை ஒரு வரி கீழே நகர்த்துங்கள். வேறுபட்டால், எங்கே பிரிந்தது என்று பாருங்கள். மறுநாள் நூலை மூடிவிட்டு முழுக் கணக்கையும் போடுங்கள். பிறகு கேள்வியில் ஒன்றை மாற்றுங்கள்.

இப்போதே தொடங்கலாம். அதே உச்சியிலிருந்து அதே பந்தை, அதே 20 மீ/வி திசைவேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால்? விடைகள் 1, −5 என வரும். முன்பு கிடைத்த எண்களே, குறி மட்டும் மாறியிருக்கிறது. இம்முறை −5 எதைக் குறிக்கிறது? புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள்.