பளபளக்கும் விரலி மஞ்சளா? கொஞ்சம் உஷார்!

"பாக்கெட் மஞ்சள்தூளை வீட்டுக்குள்ளேயே விடறதில்லை டாக்டர். விரலி மஞ்சளா வாங்கி, மொட்டை மாடியில காயவெச்சு, மில்லுல கொடுத்து அரைச்சுக்கிறோம்!"

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் பெருமையாகச் சொல்வது இது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த விரலி மஞ்சளைக் கடையில் எப்படிப் பொறுக்கினீர்கள்? நல்லா மஞ்சளா, பளபளன்னு இருப்பதைப் பார்த்துத்தானே? சிக்கலே அங்கேதான்.

மஞ்சள் கிழங்கை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டி பாலீஷ் போடுவார்கள். இதில் தப்பில்லை. நிறம் மங்கிய சரக்கை விற்க நினைக்கும் சிலர், அப்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் பொடியைத் தூவிவிடுகிறார்கள். இது பெயின்ட்டில் சேர்க்கும் சாயம். இதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு காரீயம்! கூடவே குரோமியமும் உண்டு.

(காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பியூர் எர்த் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளத்தில் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோ மஞ்சளில் 10 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. பாட்னாவில் வாங்கியதில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல் இருந்ததாம்! வரம்பைத் தாண்டிய நகரங்களின் பட்டியலில் நம்ம சென்னையும் இருக்கிறது. அதிகக் காரீயம் எதில் என்கிறீர்கள்? பாலீஷ் போட்ட முழு மஞ்சளில்! பாக்கெட் தூளைவிட முழுக் கிழங்கு சுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

காரீயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பில்தான் அதிகம் ஏறும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் கவனம் குறையும், ரத்தசோகை வரும், வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வரலாம். பல சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. எலும்பில் போய்த் தங்கி, கர்ப்பகாலத்தில் மறுபடி ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளையையும் தொடும். கொதிக்க வைத்தாலும் போகாது. சித்த மருத்துவத்தில் காரீயத்தைச் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் அதைச் சாம்பாரில் போட்டுக் குழந்தைக்கு ஊட்டலாமா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முழு மஞ்சளைப் போடுங்கள். கலக்க வேண்டாம். உடனே பளீரென்று மஞ்சள் இறங்கினால் சந்தேகப்படுங்கள். நல்ல மஞ்சள் அப்படிச் சாயம் விடாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால், பார்க்க மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும் பாலீஷ் போடாத மஞ்சளையே கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்! பளபளப்பை நாம் கேட்பதால்தானே சாயம் பூசுகிறார்கள்?

"காரீயத்தை இறக்க ஒரு கஷாயம் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நான் கஷாயம் எழுதித் தருவதில்லை. குழந்தை விஷயத்தில் சந்தேகம் என்றால், ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அளவு அதிகமென்றால் ஆஸ்பத்திரியில்தான் சிகிச்சை. முதல் வேலை, அந்த மஞ்சளை நிறுத்துவது. முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் கொடுங்கள். அவை குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும்.

இதை ஒழிக்கவே முடியாதா என்றால், முடியும். பங்களாதேஷில் 2019-ல் சோதித்த மஞ்சளில் கிட்டத்தட்ட பாதியில் காரீயம் இருந்தது. பத்திரிகைகளில் எச்சரித்தார்கள், மொத்த வியாபாரிகளைப் பிடித்து அபராதம் போட்டார்கள். 2021-ல் சோதித்தபோது ஒன்றில்கூட இல்லை. நம் ஊரில் சந்தேகப்படும் மஞ்சளைத் தூக்கி எறிந்துவிடாமல், பில்லோடு எடுத்துப்போய் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.