தேக்கு மரம் சொல்லும் மழைக் கணக்கு!

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா? நாகப்பட்டினம் கடைமடை விவசாயிகளின் குறுவை சாகுபடியே இந்தக் கேள்வியிலதான் நிக்குது. பதில், குடகுப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் இருக்கு.

அந்த மழை இதுக்கு முன்னாடி எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறது? மழைமானிப் பதிவுகள் சுமார் 200 ஆண்டுகளோடு நின்றுவிடும். அதற்கும் முந்தைய கணக்கு மரத்துக்குள் இருக்கிறது. தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். ஈரம் குறைந்த வருஷத்தில் பொதுவாக வளையம் மெலியும். மரத்தை வெட்ட வேண்டாம், பென்சில் கனத்தில் ஒரு துண்டு போதும்.

ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களை வைத்து, 700 ஆண்டு வறட்சி வரைபடத்தை 2010-ல் எட்வர்ட் குக் குழு வெளியிட்டது. தாது வருஷப் பஞ்சக் காலமான 1876-78 அதில் பளிச்சென்று தெரிகிறது. 1756-68 வறட்சியோ பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது.

1934-ல் திறந்த மேட்டூர் அணையின் பதிவேட்டில் இது எதுவும் இருக்காது. ‘மோசமான வறட்சி’ன்னா எவ்வளவு மோசம்னு மரத்தைத்தான் கேட்கணும்.