காரின் கூலன்ட் உறைந்தால் என்ன ஆகும்?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம். நம் ஊரிலும் வளைகுடா நாடுகளிலும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ரேடியேட்டர் என்றாலே சூடு பற்றிய கவலைதான். குறைந்தால் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டிச் செல்வோம். அதே பழக்கத்தோடு குளிர் நாட்டில் குடியேறினால், ஒரே இரவில் இன்ஜினையே இழக்க நேரிடலாம்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஃப்ரீசரில் நிரப்பி வைத்த பாட்டில் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. ரேடியேட்டர் குழாய்கள் பிளக்கின்றன. சில சமயம் இரும்பு அல்லது அலுமினியத்தால் ஆன இன்ஜின் பிளாக்கே விரிசல் விடுகிறது. பிளாக்கில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் இன்ஜினையே மாற்ற வேண்டி வரும்.

எவ்வளவு கலப்பது?

கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம்தான் தண்ணீரை உறையவிடாமல் காக்கிறது. அதையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 'அப்படியானால் தண்ணீரே கலக்காமல் ஊற்றலாமே' என்று நினைக்க வேண்டாம். தனி எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கலவைக்குத்தான் அந்தப் பலம். வெறும் தண்ணீரை அடிக்கடி ஊற்றும்போது அந்தப் பலம் குறைந்துகொண்டே வருகிறது.

உறைந்ததை எப்படி அறிவது?

ஸ்டார்ட் செய்தவுடன் பெல்ட் கிறீச்சிடும். உறைந்த வாட்டர் பம்ப் சுற்ற மறுப்பதே அதற்குக் காரணம். ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வரும். வெளியே கடும் குளிர் இருந்தும் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். கூலன்ட் ஓடினால்தானே சூடு வெளியேறும்?

இவற்றில் எதைக் கண்டாலும் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். கொதிநீரை ஊற்றி உருக்க முயல வேண்டாம். திடீர்ச் சூட்டிலும் உலோகம் விரிசல் விடும். காரை இழுவை வண்டியில் ஏற்றி, சூடான பணிமனையில் வைத்து மெதுவாக உருக விடுங்கள். பிறகு எங்காவது கசிகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள். இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், கூலன்ட் அதில் கலந்திருக்கலாம். அந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது.

வருமுன் காக்க

குளிர்காலம் தொடங்குமுன் கூலன்ட் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கான சிறு கருவி பணிமனைகளில் இருக்கும். கடும் குளிர்ப் பகுதிகளில் இரவில் மின்சாரத்தில் இணைக்கும் பிளாக் ஹீட்டர் நல்ல துணை.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட கொடிய நஞ்சு. சிறுநீரகத்தையும் உயிரையும் பறிக்கும். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். குழந்தை ஒரு மிடறு குடித்திருந்தாலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.