காலாற நடக்கலாம்... கடலோரம், காவிரிக்கரையோரம்!

"எல்லாரும் ஏன் இப்படிக் குதிக்கிறீங்க? எனக்கு ஒண்ணும் சுடலையே!"

பூம்புகார் கடற்கரையில், உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு என் மாமனார் பெருமையாகச் சொன்ன வார்த்தை இது.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு, பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் கணவரின் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஊரைச் சுற்றிவிட்டுக் கடற்கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அலையைப் பார்த்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். நாலடி வைப்பதற்குள் பிள்ளைகள் "ஐயோ, சுடுது!" என்று தண்ணீரைப் பார்த்து ஓட்டம். நானும் பின்னாலேயே ஓடினேன். 67 வயது மாமா மட்டும் ராஜநடை போட்டு நிதானமாக வந்தார். "அந்தக் காலத்து உடம்புடா!" என்று பேரன்களிடம் ஒரு கிண்டல் வேறு.

ராத்திரி பாயில் ஈரம். என்னவென்று பார்த்தால், மாமாவின் குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. பெருவிரலுக்குக் கீழே இன்னொன்று, நெல்லிக்காய் அளவு. "வலிக்கலையா மாமா?" என்று கேட்டேன். "இல்லையேம்மா..." என்றார். முகத்தில் அந்தப் பெருமை இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினோம். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். பத்து இடத்தில் தொட்டால் நாலு இடத்தில்தான் மாமாவுக்குத் தெரிந்தது.

"சுடலைன்னு சொன்னாரு பாருங்க, அதுதாங்க வியாதி. பதினாலு வருஷமா சர்க்கரை இருக்கு. கால் நரம்பு மரத்துப் போச்சு. மணல் சுடாம இல்ல. சுட்டது மூளைக்குப் போய்ச் சேரல!"

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. அதுவரை அந்தக் காலை ஊன்றக்கூடாது என்று உத்தரவு. தினமும் நடந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த மனுஷன், செருப்பைக் கழற்றிய பத்து நிமிஷத்தால் ஐந்து வாரம் நாற்காலியில் முடங்கினார்.

"இனிமே கடல் பக்கமே போகக்கூடாதா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"யார் சொன்னா? நல்லாப் போகலாம். நேரம் பார்த்து, செருப்பு போட்டுப் போங்க!"

தை மாதம் மறுபடி போனோம். இந்த முறை எப்படி நடந்தோம் என்று சொல்கிறேன். கடலும் ஆறும் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

காலையில் கடலோரம்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வங்கக்கடல் கரையென்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும்பும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த மணல், பாதத்துக்கு ஜில்லென்று இருக்கும். மீனவர்கள் படகிலிருந்து வலையை உதறிக்கொண்டிருக்க, கருவாடு காயும் வாசனையோடு ஊர் அப்போதுதான் விழிக்கும்.

மணலில் நடப்பது லேசான வேலை இல்லை. கால் புதையும் மணலில், கெட்டித் தரையில் நடக்கும் அதே வேகத்தில் நடந்தால் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது என்று 1998-ல் வெளியான பெல்ஜிய நாட்டு ஆய்வு ஒன்று சொன்னது. ரோட்டில் அரை மணி நேரம் நடப்பவர், மணலில் கால் மணி நேரத்தில் களைத்துவிடுவார். முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மூட்டுவலி உள்ளவர்கள் புதைமணலை விட்டு, அலை வந்துபோன ஈரமணலில் நடக்கலாம். அது கெட்டியாக இருக்கும்.

இன்னொரு விஷயம். கரை, கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். இடுப்பும் முழங்காலும் கேள்வி கேட்கும். போன வழியிலேயே திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும்.

எட்டரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். நடுப்பகல் வெயிலில் காய்ந்த மணலின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். கடற்காற்று வீசுவதால் உடம்புக்குச் சூடு உறைக்காது. ஏமாந்துபோவது அங்கேதான்!

சாயங்காலம் காவிரிக்கரையோரம்

குடகு மலையில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வந்த காவிரி, கடலில் கலப்பது இங்கேதான். திருச்சி பக்கம் அகண்ட காவிரியாகப் பார்த்தவர்கள் "இதுவா அது?" என்று கேட்பார்கள். வழியெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்க்கால் போல ஒல்லியாக வந்து சேர்கிறாள்.

நாலரை மணிக்கு மேல் கரையோரமாக மேற்கே நடந்தால் கெட்டித்தரை, மர நிழல், பச்சை வயல். மணல் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு இதுதான் சரியான பாதை. பக்கத்திலேயே சாயாவனம், பல்லவனேஸ்வரம் என்று இரண்டு பாடல் பெற்ற தலங்கள். கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, படகு கட்டும் பழைய செங்கல் துறை வெளிப்பட்டது. சிலப்பதிகாரமும் பட்டினப்பாலையும் பேசும் காவிரிப்பூம்பட்டினம் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தால், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியே வராது.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் சரி. வாரத்துக்கு 150 நிமிஷம் இப்படி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையும் மாலையும் கால் மணி நேரம் நடந்தால், ஐந்தே நாளில் கணக்கு முடிந்துவிடும்.

சங்கமத்துறையில் மட்டும் ஜாக்கிரதை! ஆறு கடலில் சேரும் இடம், பார்க்க அமைதியாக இருந்தாலும் அடியில் இழுக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு நீராட வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் காட்டும் இடத்திலேயே முழுக்குப் போடுவது நல்லது. படித்துறையில் பாசி இருந்தால் கைப்பிடி இல்லாமல் இறங்காதீர்கள். காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் ஆற்றிலோ, தேங்கிய தண்ணீரிலோ கால் வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி நுழைய அந்த வழி போதும்.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி தாக்கிய கரை இது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டரம்மா சொன்னவை

* கடற்கரையோ, கோயில் பிராகாரமோ, வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கோயிலுக்குக் காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். தரை ஆறியிருந்தாலும் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

* பின்பக்கம் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு நல்லது. உடைந்த கிளிஞ்சல், தூண்டில் முள்ளிலிருந்து அது காப்பாற்றும். உள்ளே புகுந்த மணலை அவ்வப்போது உதறிவிடுங்கள். மணலும் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும்.

* தண்ணீரோ தரையோ சுடுகிறதா என்று பாதத்தால் பார்க்காதீர்கள். மரத்துப்போன கால் பொய் சொல்லும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள்.

* மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் நாலு மிட்டாயோ, ஒரு பொட்டலம் சர்க்கரையோ இருக்கட்டும். படபடப்பு, நடுக்கம், வியர்வை வந்தால் உடனே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

* கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதையும் தடவாதீர்கள். சூடு பட்டதுமே தெரிந்தால் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியால் லேசாக மூடி, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள்.

* வருஷம் ஒருமுறை கால் உணர்ச்சிப் பரிசோதனை அவசியம். இழையால் தொட்டுப் பார்க்கச் சில நிமிஷம்தான் ஆகும்.

தை மாதம் போனபோது மாமா புதுச் செருப்போடு ஈரமணலில் கால் மணி நேரம் நடந்தார். அலை வந்து செருப்போடு காலை நனைத்தது. "இதுவும் கால் நனைக்கிறதுதானே!" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்தார். பிறகு பெரியம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கித் தரையில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிய முடியாத பெரியவர்களுக்கு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வழி அது. இன்றைக்கும் ராத்திரி படுக்கும் முன் அதைச் செய்யாமல் தூங்குவதில்லை. சில நாள் பேரனே, "தாத்தா, காலை நீட்டு, இன்னிக்கு நான்தான் டாக்டர்!" என்று உட்கார்ந்துகொள்கிறான்.

அடுத்த லீவுக்குக் கடலோர ஊருக்குக் கிளம்புகிறீர்களா? பெட்டி கட்டும்போது அப்பாவின் செருப்பையும், ஒரு சின்னக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்!