தசைத் தேய்வு நோயில் நிறையும் மூச்சும்

பருத்த உடல் வலிமைக்கும் மெலிந்த உடல் நலிவுக்கும் அடையாளம் என்பது மக்களிடையே நெடுநாளாக நிலவும் எண்ணம். தசைத் தேய்வு நோயில் இவ்வெண்ணம் பெற்றோரை எளிதில் தவறான வழியிற் செலுத்திவிடும்.

இந்நோயின் வகைகள் பல. அவற்றுள் ஆண் குழந்தைகளைப் பெரிதும் பீடிப்பது டுஷென் வகை. 19ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் டுஷென் என்பாரின் பெயரே இதற்கு வழங்குகிறது. தசையிழைகளைச் சிதையாது காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே இதன் காரணம் என்பது 1987இல் தெளிவாயிற்று. சிதைந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் நிரப்புகின்றன. ஆதலால் சிறுவனின் கெண்டைக்கால் திரண்டு உறுதியாகத் தோன்றும். அவனோ படியேற இயலாது தவிப்பான்.

நடை குன்றியதும் உடல் செலவிடும் சக்தி குறைகிறது. தசையின் வலுவைச் சில காலம் காக்கும் ஸ்டீரொயிட் மருந்துகளோ பசியைத் தூண்டுகின்றன. இவ்விரண்டும் சேர நிறை ஏறுகிறது. மிகுதியாக ஊட்டினால் தசை வளரும் என எண்ணுதல் வீண், வளர்வது கொழுப்பே. அதற்காகப் பட்டினி போடுதலும், மருந்தைத் திடீரென நிறுத்துதலும் பெருந்தீங்காகும். சீனியையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் குறைத்து, மீன், முட்டை, பயறு, கீரை, பழம் ஆகியவற்றை அளவோடு அளித்தலே தக்கது. எலும்பைக் காக்கக் கல்சியமும் விற்றமின் டியும் வேண்டும்.

நிறைக்கும் மூச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசையே; அதுவும் நாளடைவில் தளரும். பருத்த வயிறு, படுத்திருக்கையில் அதனை மேல்நோக்கி அழுத்தி அதன் வேலையை மேலும் கடினமாக்குகிறது.

நோய் முதிரும்போது நிலைமை மாறுகிறது. மெல்லவும் விழுங்கவும் களைப்பு உண்டாகும், மூச்சுவிடுவதற்கே மிகுந்த சக்தி செலவாகும், நிறை இறங்கும். "உடல் இளைத்தது நன்றே, தூக்குவதற்கு எளிது" எனப் பெற்றோர் ஆறுதல் கொள்ளுதல் கூடாது. காரணமின்றி நிறை குறைதல், மூச்சுத் தசைகள் தளர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். காலையில் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் அடிக்கடி விழித்தல், உண்ணும்போது இருமல் ஆகியன தோன்றின் மருத்துவரை உடனே நாடவேண்டும். உறக்கத்தில் மூச்சு ஆழமற்றுப்போவதால் கரியமிலவாயு உடலில் தேங்குவதே காலைத் தலைவலிக்குக் காரணமாதல் கூடும். இந்நிலையில் தக்க சோதனையின்றிப் பிராணவாயுவை மட்டும் செலுத்துவது ஆபத்தை மறைத்து மிகுவிக்கலாம். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மூச்சுதவிக் கருவியே இங்குப் பெரிதும் பயன் தருவது. இத்தகைய கருவிகளாலும் இதயப் பராமரிப்பாலும் இந்நோயாளர் பலர் முப்பது வயதைக் கடந்தும் வாழ்கின்றனர்.

நிற்க இயலாத சிறுவனை ஒருவர் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தம் நிறையைக் கழித்தால் அவனது நிறை தெரியும். அதனை மாதந்தோறும் குறித்து வைத்தல் நன்று. எனினும் அந்த எண் மட்டும் போதாது. மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் நிறையோடு மூச்சின் கொள்ளளவையும் அளக்குமாறு கேட்டுக்கொள்வது பெற்றோரின் கடமையாகும்.