மூக்கைத் திருத்த வேண்டும் என்று பிள்ளை கேட்டால்...

பதினைந்து வயதுப் பெண் ஒருநாள், "அம்மா, என் மூக்கை ஆபரேஷன் செய்து சரி பண்ணிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிரித்து ஒதுக்கினாலும் கோபித்துக்கொண்டாலும் பிள்ளை மறுபடி நம்மிடம் மனம் திறக்காது. விஷயம் தெரிந்து பேசுவதே நல்லது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் முகத்தில் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று எண்ணுவோர் உண்டு. 'உருவமைத்தல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் நாட்டுக்கு இது புதிதுமல்ல. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் அமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை கூறுகிறது. நெற்றித் தோலால் மூக்கு அமைத்த புனே வைத்தியம் பற்றி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. அதைக் கொண்டு ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814-இல் லண்டனில் அவ்வாறே அறுவை செய்தார்.

அவசியமான சிகிச்சை வேறு, ஆசைக்காகச் செய்வது வேறு. பிறவி உதட்டுப் பிளவைக் குழந்தையின் முதல் சில மாதங்களிலேயே தைத்துவிடுவார்கள். தொண்டு நிறுவனங்களின் உதவியோடு இதை இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகள் பல நகரங்களில் உள்ளன. விடைத்து நிற்கும் காதை ஐந்தாறு வயதுக்குப் பின் திருத்தலாம்.

மூக்கின் கதை வேறு. அழகுக்காகத் திருத்துவதென்றால் வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பொதுவாகப் பெண்களுக்கு 15, 16 வயது. பையன்களுக்கு இன்னும் ஓரிரண்டு ஆண்டு கூடுதல். அறுவைக்குப் பின் வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டுகூட ஆகலாம். மயக்க மருந்து, இரத்தக் கசிவு, தொற்று, மூச்சுவிடச் சிரமம் ஆகிய அபாயங்களும் உண்டு. சிலருக்கு இரண்டாம் முறை அறுவை தேவைப்படும்.

செல்ஃபியும் ஏமாற்றும். ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே எடுத்துப் பார்க்கட்டும்.

பிறர் கண்ணுக்குத் தெரியாத குறைக்காக மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, முகத்தை மறைப்பது என்றிருந்தால் அது மனநோயாக இருக்கலாம். அதைக் கத்தியால் தீர்க்க முடியாது. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டில்லியிலோ மும்பையிலோ வகுப்பில் தனித்துத் தெரியும் நம் பிள்ளைகளை நிறத்தையும் மூக்கையும் சொல்லிச் சீண்டுவது உண்டு. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர். வீட்டிலும், "பாட்டியின் மூக்கு உனக்கு வந்துவிட்டதே" என்று விருந்தினர் முன் அங்கலாய்ப்பதை நிறுத்துவோம். விளையாட்டாய்ச் சொன்னது பிள்ளை மனத்தில் முள்ளாய்த் தங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை மாறவில்லையா? ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். அதன்பின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற உயர்பட்டம் பெற்றவரைப் பாருங்கள். பிள்ளையிடம் தனியாகவும் பேசுமாறு அவரைக் கேளுங்கள். 18 வயது நிறையும் வரை பெற்றோர் கையெழுத்தில்லாமல் செய்யமாட்டார்கள். அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

கையெழுத்திடும் முன் பிள்ளையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது உனக்காகவா, உன்னைக் கேலி செய்தவர்களுக்காகவா?" பதிலை நிதானமாகக் கேட்டு முடிவெடுங்கள்.